என் தம்பி வாங்கிய பிக்கப் வண்டி

என் தம்பி முனியராஜ் ஒரு சட்டைத்துணி எடுக்கப் போனாலும் கடையில் இருக்கிற அத்தனையையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, கடைசியில் கூட வந்தவன் கை காட்டுகிற துணியை எடுத்து வருகிறவன். அப்படிப்பட்டவன் சொந்தமாக வண்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பியபோதே, இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் எந்த வண்டியை வாங்கினாலும் ஓட்டிவிடுவான். அதில் ஏறுகிற லோடு அத்தனையையும் தரையில் நின்று தூக்கப் போகிறவள் அவன் பெண்டாட்டி குருவம்மாள்.

எம். புதுப்பட்டியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே தெருவில்தான். அவனுக்கு அக்காவான நான் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காலண்டரின் மேல்விளிம்புக்குத் தகரம் அடிக்கிற வேலை பார்க்கிறேன். அதே அச்சாபீசிலிருந்து காலண்டர், டைரிப் பெட்டிகளை, வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிற லாரி செட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர்கள் இரண்டு பேருடைய வேலை. அது இல்லாத மாதங்களில் சிமெண்டு, உரமூட்டை, பேப்பர் பண்டல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார்கள். வண்டி மட்டும் வாடகை வண்டி.

இரண்டு பேர் சேர்ந்து லோடு ஏற்றினால் ஒருவர் மேலே நிற்க வேண்டும், ஒருவர் கீழே நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் இந்த வேலைக்குப் போனால், மேலே நிற்பது எப்போதும் புருஷன்தான். சேலை கட்டிய பொம்பளை கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க டயரில் கால் வைத்து வண்டிமேல் ஏறக் கூடாதாம். அதனால் அவள் தரையில் நின்று பெட்டியைத் தூக்கி மேலே வைப்பாள். அவன் அதை இழுத்து அடுக்குவான். பெட்டி அவன் காலடிக்கு வந்துவிடும், அவன் குனிந்து தள்ள வேண்டியதுதான். ஆனால் ஊர் முழுக்க லோடுமேன் என்று பெயர் அவனுக்கு. குருவம்மாளைப் பற்றிக் கேட்டால், கூடமாட ஒத்தாசைக்கு வருகிற பிள்ளை என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வண்டி வாங்குவதற்கு முந்தின வருடம் உயரமான ஒரு வாடகை லாரிக்கு டைரிப் பெட்டி தூக்கிக் கொடுத்தபோது அவளுக்கு வலது தோள்மூட்டு விலகிவிட்டது. பெட்டி அவள் காலில் விழுந்திருந்தால் காலும் போயிருக்கும். பெரியாஸ்பத்திரியில் தோளைச் சேர்த்துக் கட்டுப் போட்ட டாக்டர், இனி நெஞ்சுக்கு மேலே எதையும் தூக்கக் கூடாது, இன்னொரு தடவை விலகினால் அந்தக் கையை நம்பி எந்த வேலையும் செய்ய முடியாது என்று சொன்னார். முனியராஜும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

கை போனால் அவளுக்கு மிச்சம் இருப்பது பட்டாசுக் கம்பெனிதான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கேதான் இருந்தாள். மருந்துத் தூசி நெஞ்சில் இறங்கி, பேச வாய் திறந்தால் இருமல் வந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். விடிகாலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்தால் இன்றைக்கும் அவள் முகம் மாறிப்போகும். அந்த வேனில் மறுபடி ஏறாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஆகையால் இரண்டாயிரத்து ஏழில், சீட்டு எடுத்த பணத்தோடு நகையையும் அடகு வைத்து வண்டி வாங்குவது என்று முடிவானபோது லோடு வைக்கிற பாடியைப் பற்றி அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாடி கொஞ்சம் தாழ்வா இருக்குற வண்டியா பாருங்க. எனக்கு இடுப்பு ஒசரத்துக்கு இருந்தாப் போதும்."

அதற்கும் தலையாட்டினான்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. வண்டி பார்க்க அவனோடு போனவன் பாண்டி. பாண்டி மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன், அதனால் அவனுக்கு எந்த வண்டியும் கீழேயிருந்துதான் தெரியும். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதுரை, கோவில்பட்டி, விருதுநகர் என்று அலைந்தார்கள். திரும்பி வந்து ராத்திரிச் சோற்றை ஆறவிட்டுப் பேசுவார்கள். ஒன்று இழுவை பத்தாது. இன்னொன்று வெம்பக்கோட்டை அணை மேட்டில் லோடோடு ஏறாது. ஒன்றுக்கு மைலேஜ் கிடையாது, ஒன்றுக்கு ஹாரன் சத்தம் பொம்பளைக் குரல் மாதிரி இருக்கிறது. கியர், கிளட்ச், டயர், டிஸ்க்கு என்று எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். பாடி எம்புட்டு ஒசரம் என்று குருவம்மாள் கேட்டால் மட்டும் அவனுக்குச் சரியாக ஞாபகம் இருக்காது. ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக் காட்டுவான், மறுநாள் அதே வண்டிக்கு நெஞ்சில் கை வைத்துக் காட்டுவான். அதுவும் அவன் இடுப்பு, அவன் நெஞ்சு. அவள் அவன் தோளுக்குக்கூட வர மாட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன். நாலு பேராக விருதுநகரில் இறங்கி ஷோரூமுக்குள் போனதும், அங்கே டை கட்டியிருந்த பையன் எங்கள் இருவரையும் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தான். பிறகு ஆம்பளைகளிடம் போய் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நாங்கள் கலரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

குருவம்மாள் பாதி பாட்டிலை வைத்துவிட்டு எழுந்து போனாள். அங்கே இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, ஊரில் எல்லோரும் குட்டி யானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. இன்னொன்று பெரிய பிக்கப். அவள் முதலில் குட்டி யானையின் பின்னால் போய் நின்றாள். பாடி அவள் இடுப்புக்கு இருந்தது. பெட்டியைப் பிடித்திருக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி மெதுவாக வைத்துப் பார்த்தாள். அப்புறம் பிக்கப்புக்குப் பின்னால் போனாள். அது நெஞ்சுக்கு வந்தது. கையை உயர்த்தியவள் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

முனியராஜ் அங்கிருந்து பார்த்துவிட்டு, வண்டியோடு போட்டோ எடுக்கணுமா என்று கேட்டான். நானாக இருந்தால் அங்கேயே அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் அவனிடம் போய், சின்னது போதும் என்றாள். அதில் லோடு கம்மியாகத்தான் ஏறும், இரண்டு நடை போக வேண்டியிருக்கும், போவோம், கையாவது மிஞ்சும் என்று நிதானமாகவே சொன்னாள்.

பாண்டி சிரித்தான். "மதினி, இது சேலை எடுக்குற சோலி இல்ல. கனமான லோடுக்கு வண்டியும் கனமாத்தான் இருக்கணும்."

டை கட்டியவனும் சிரித்தான். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் முனியராஜுக்கு ரோஷம் வந்துவிடும். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும், போய்க் கலரைக் குடி என்றான். "ஏலே, டாக்டர் சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று நான் கேட்டேன். பெரிய வண்டி என்றால் பெரிய ஆர்டர் வரும் அக்கா, அவளும் நல்லா இருப்பா என்றான். நல்லா இருப்பதற்கு அவளுக்குக் கை வேண்டாமா? அவன் டை கட்டியவன் பக்கம் திரும்பிக்கொண்டான். முன்பணத்தைக் கட்டிவிட்டான்.

வண்டி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. லோடு ஏறினால் வண்டி உட்கார்ந்துவிடக் கூடாது என்று பாண்டி பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடுதலாகப் போட்டான். அதில் பாடி இன்னும் நாலு விரற்கடை மேலே போயிற்று. குருவம்மாள் பொட்டு வைக்கப் போனபோது பின்கதவின் அடிவிளிம்பே அவள் தோளுக்கு நேராக நின்றது. பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கம்பெனி வேனில் எத்தனை மணிக்குப் போகணும் மதினி, இப்பவும் அஞ்சுக்குத்தான் வருதா என்று கேட்டாள். அவன் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவள் என்ன யோசித்தாளோ தெரியாது.

மறுநாள் எங்கள் அச்சாபீசில்தான் முதல் லோடு. காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. குடோன் வாசலில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன, லாரி செட்டில் புக்கிங் முடிவதற்குள் அத்தனையும் போயாக வேண்டும். முனியராஜ் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்துவிட்டான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலே ஏறப் போனான். மேலே ஏற்கெனவே குருவம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

சேலைக்கு மேல் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். அவன் கதவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் டயரில் கால் வைத்துப் பக்கவாட்டில் ஏறியிருக்கிறாள். தகரம் அடிக்கிற பெண்கள் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட நின்றுவிட்டார்.

"எறங்கு புள்ள. ஆளுக பாக்குறாக" என்றான் முனியராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். பெட்டிய எடுத்துக் குடுங்க" என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரம் கெஞ்சினான், கொஞ்ச நேரம் முறைத்தான். அவளை மேலே ஏறி இழுத்து இறக்க முடியாது, அதையும் ஆட்கள் பார்ப்பார்கள். உள்ளேயிருந்து மானேஜர் இன்னும் ஏற்றவில்லையா என்று சத்தம் போட்டார். வேறு வழியில்லாமல் முதல் பெட்டியைத் தூக்கினான்.

அவள் அடுக்கியது ஒன்றும் அவ்வளவு நேர்த்தி இல்லை. பொய் சொல்வானேன், முதல் வரிசை கோணலாகத்தான் போயிற்று. ஒரு பெட்டி சரிந்து மூலை நசுங்கி, அதற்கு மானேஜரிடம் பேச்சும் வாங்கினாள். ஆனால் பெட்டி அவள் காலடிக்கு வந்தது. தோள் உயரத்துக்குக் கையைக் கொண்டுபோக வேண்டிய வேலையே இல்லை. கீழே நின்றவன்தான் ஒவ்வொரு பெட்டியையும் குனிந்து எடுத்து, நெஞ்சில் அணைத்து, முட்டியை மடக்கி உந்தி, மேலே தள்ள வேண்டியிருந்தது. பத்துப் பெட்டிக்குள் துண்டு நனைந்துவிட்டது. பாதி லோடு ஏறுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை நின்றான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவன் சோற்றுக்குத்தான் எழுந்தான்.

மறுநாளும் அவளே ஏறினாள். அதற்கு மறுநாளும். ஊர் இரண்டு நாள் பேசியது, பிறகு அதற்குப் பேச வேறு கிடைத்தது. வாரக் கடைசியில் முனியராஜ் யாரிடமும் சொல்லாமல் பாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அந்த இரண்டு ஸ்பிரிங் பட்டையையும் கழற்றச் சொல்லிவிட்டு வந்தான். எதற்கு என்று பாண்டி கேட்டதற்கு, வண்டி ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றானாம்.

தை மாதம் எங்கள் ஊர் இருளாண்டி, தானும் ஒரு லோடு வண்டி வாங்கப் போவதாகச் சொல்லி, யோசனை கேட்க அச்சாபீஸ் வாசலுக்கே வந்தார். நான் உள்ளே தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். குருவம்மாள் மேலே பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். என் தம்பி ஒரு பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி அவருக்கு வகுப்பு எடுத்தான்.

"இஞ்சின், மைலேஜு எல்லாம் அப்பறம்ணே. மொதல்ல பாடி எம்புட்டு ஒசரம்னு பாருங்க. கம்பெனிக்காரன் தூக்குறவன நெனச்சே பாக்க மாட்டான். இந்த வெசயம் இங்கன ஒருத்தனுக்கும் தெரியல."

இருளாண்டி ஆச்சரியமாகத் தலையாட்டினார். எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. மூன்று மாதம் ஒருத்தி தொண்டை வற்றச் சொன்னதை, தானே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறானே! சுத்தியலோடு வாசலுக்கு வந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே குருவம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மேலேயிருந்து குனிந்து, அவன் காதில் விழாமல் சொன்னாள்.

"விடுங்க மதினி. கீழ நின்னுதான சொல்றாக."