அழகர் வளர்த்த பூசியா

அழகர் அதிகம் பேசாதவர். அப்புத்தளைக்குக் கீழே இருக்கும் அந்தத் தோட்டத்தின் ஃபெக்டரியில், தேயிலை காய வைக்கிற மெஷினுக்கு விறகு போடுகிற வேலையில் ஆயுளில் பாதிக்கு மேல் கழித்தவர். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. கையைக் காட்டினால் விறகு வரும், தலையை ஆட்டினால் பதில் முடிந்தது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. வீட்டில் பேசுகிற வேலையை மனைவி பெரியாயி பார்த்துக்கொண்டாள்.

ஒரே மகள் சுபாஜினி ஜோர்தானில் ஒரு கார்மெண்டில் தைக்கப் போயிருந்தாள். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கிழமை பகலில் அவள் கூப்பிட்டால் பெரியாயி போனைப் பிடித்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகள் முழுக்க நடப்பாள். யார் வீட்டில் சடங்கு, எந்தப் பசு கன்று போட்டது, எல்லாம் சொல்லி முடித்த பிறகு, “இந்தா, அப்பாகிட்ட பேசு” என்று நீட்டுவாள். அழகர், “சாப்டியாம்மா?” என்பார். “சாப்டேன்ப்பா” என்பாள் மகள். அவ்வளவுதான்.

பெரியாயி நெஞ்சுவலியில் போன பிறகு அந்த வெள்ளிக்கிழமைகள் பெரிய பாடாகிவிட்டன. போன் அடிக்கும். சாப்பிட்டாயா என்று இவர் கேட்பார், சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள். மழை பெய்ததா என்பாள். பெய்தது என்பார். பிறகு இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். “சரிப்பா, வைக்கிறேன்” என்று அவள் சொல்லும்போது அவருக்கு நிம்மதியாகவும் இருக்கும், தாங்க முடியாமலும் இருக்கும். லயத்தின் கடைசிக் காம்பரா அவருடையது. அடுத்த காம்பராக்காரர்கள் கொழும்புக்குப் போய்விட்டதால் சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.

அந்த வருஷம் தோட்ட மேனேஜர் பங்களாவின் கூரையில் மழைநீர்ப் பீலியைச் சரி செய்ய ஆள் வேண்டும் என்று அழகரைக் கூப்பிட்டார்கள். பங்களாவில் பூந்தோட்டம் பார்க்கிறவர் மாரிசாமி, பழைய சிநேகிதர். வேலை முடிந்து இறங்கும்போது, சுவரோரம் வெட்டிப் போட்ட கிளைகளில் சிவப்பும் ஊதாவுமாகச் சில பூக்கள் தலைகீழாகத் தொங்குவதை அழகர் பார்த்தார்.

“இது என்னா செடி?”

“பூசியாவாம். துரைமார் காலத்துச் செடி. தலையில வைக்க ஆகாது, வாசமும் கிடையாது, சாமிக்கும் போட மாட்டாங்க. ஆனா பூக்க ஆரம்பிச்சா மாசக்கணக்குல நிக்காது. வேணுமா?”

வேண்டும் என்று சொல்ல அழகரிடம் காரணம் ஒன்றும் இல்லை. இருந்தும் இரண்டு கிளைகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்று அழுகிப்போனது. மற்றது முன் தாழ்வாரமான இஸ்தோப்பின் பக்கச் சுவரோரம், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வேர் பிடித்தது. முகம் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். இடுப்புயரம் வந்ததும் கிளை நுனியெல்லாம் மொட்டு கட்டியது. சிவப்பு இதழ்கள் மேலே மடங்கி விரிய, உள்ளேயிருந்து ஊதாப் பாவாடை ஒன்று கீழே இறங்கியது. தேன்சிட்டு ஒன்று வந்து அந்தரத்தில் நின்றபடி மூக்கை நுழைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கமான கேள்விகள் தீர்ந்ததும் அழகர் தொண்டையைச் செருமினார்.

“செடி ஒண்ணு பூத்திருக்கும்மா.”

“என்னா செடிப்பா? வீடியோவுல காட்டுங்க.”

காட்டினார். போனைத் திருப்பிப் பிடித்ததில் முதலில் சுவரும் பிறகு வானமும் தெரிந்திருக்க வேண்டும். பூ தெரிந்ததும் சுபாஜினி, “ஐயோ அப்பா!” என்றாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட குரல் அது. அறைத் தோழிகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கு அவர்கள் பேசிய நேரத்துக்கு அவருக்குக் காது சூடேறிவிட்டது.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசியாதான் பேச்சு. வாடின பூவைக் கிள்ளாவிட்டால் காய் பிடித்துப் பூ குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். “நீங்க இவ்வளவு பேசுவீங்களாப்பா?” என்று அவள் சிரித்தாள். அவருக்கே அது புதிதாக இருந்தது.

ஆடி மாதம் கச்சான் காற்று எழும்பியது. ஊவா மலைகளில் அது வீசினால் நாள் கணக்கில் வீசும். ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும். ஒரு மத்தியானம் அழகரின் கூரைத் தகரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. அதன்மேல் கல் வைக்கலாம் என்று ஏறினார். கல்லை வைத்துவிட்டார். இறங்கும்போதுதான் ஏணியைக் காற்று தள்ளியது. வலது கணுக்கால் முறிந்தது. மாரிசாமி ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை வார்டில் படுத்திருக்கும்போது போன் அடித்தது. அழகர் ஒரு நிமிஷம் போனையே பார்த்தார்.

“வீட்டுல சிக்னல் சரியில்லம்மா. வீடியோ வராது. சும்மா பேசு.”

“பூசியா எப்படி இருக்குப்பா?”

“அதுக்கென்ன, ஜோரா இருக்கு.”

சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. புதுக்கிளை ஒன்று ஜன்னல் பக்கம் போகிறது என்றார். கட்டிவைக்கக் கயிறு தேடுகிறேன் என்றார். தேன்சிட்டு இப்போது ஜோடியாக வருகிறது என்றார். வார்டின் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடியே அத்தனையும் சொன்னார். மகள் கேட்கக் கேட்கச் செடி வளர்ந்துகொண்டே போனது.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர் மொஹிதீன். பதுளை பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். அழகர் போனை வைத்ததும் அவர் கேட்டார்: “பெரிய பூந்தோட்டம் போல ஈக்கி உங்களுக்கு?”

அழகர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினாரா ஆமாம் என்று ஆட்டினாரா என்று மொஹிதீனுக்கு விளங்கவில்லை.

“எழும்பி நடந்தா ஒரு நாளைக்கு வந்து பாக்கோணும்” என்றார்.

காலில் மாவுக்கட்டோடு அழகரை வீட்டுக்கு அனுப்பியபோது காற்று ஓய்ந்திருக்கவில்லை. மாரிசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சுவரோரம் நாலைந்து பழுப்புக் குச்சிகள் நின்றன. ஓர் இலை இல்லை.

“நான் ரெண்டு தடவ தண்ணி ஊத்துனேன். காத்துக்குப் பத்தல” என்றார் மாரிசாமி. “புடுங்கிப் போட்டுறவா?”

“வேணாம், இருக்கட்டும்.”

அந்த வெள்ளிக்கிழமை மகள் விடவில்லை. “இன்னைக்கு எப்படியாச்சும் காட்டுங்கப்பா. றின்ஸாவும் பாக்கணுமாம்.” றின்ஸா அவள் அறைத் தோழி, காத்தான்குடிக்காரி. அழகருக்கு இனி சொல்வதற்குப் பொய் கைவசம் இல்லை. வீடியோவைப் போட்டு, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைச் செடியை நோக்கித் தாழ்த்தினார். காய்ந்துபோனதை எப்படிச் சொல்வது என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சுபாஜினி செடியைப் பார்க்கவே இல்லை.

“அப்பா, கால்ல என்னா அது?”

அவர் போனைச் சட்டென்று உயர்த்தினார்.

“காலக் காட்டுங்க.”

காட்டினார். எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். விழுந்தது, ஆஸ்பத்திரி, கம்பி வைத்தது.

“பூவப் பத்தி அவ்வளவு பேசுனீங்களே. காலப் பத்தி ஒரு வார்த்த சொல்லலையேப்பா.”

“சொன்னா அங்கேருந்து நீ என்ன செய்வ?”

கோபத்தில் சொன்னதல்ல அது. உண்மையாகவே அவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடிக்கவில்லை. அழகர் இஸ்தோப்பில் நாற்காலியைப் போட்டு, காலைப் பலகையில் நீட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இவராகக் கூப்பிடலாம். எண்ணும் தெரியும். எடுத்தால் என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை. கையருகே இருந்த குச்சி ஒன்றின் அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மேல்தோலுக்குக் கீழே மெல்லிய பச்சை இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே சுரண்டினார். அங்கே காய்ந்த மரம். பச்சை நின்ற இடத்தோடு எல்லாக் குச்சிகளையும் கத்தரித்துவிட்டு, அடியில் காய்ந்த புல்லைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு வாரம் விட்டு அவள் கூப்பிட்டாள். குரல் இறுகியிருந்தது. முதலில் கால், வீக்கம், மாத்திரை. அதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார்.

“செடி?”

“காஞ்சிருச்சும்மா. அடியில மட்டும் பச்ச இருக்கு. வெட்டி விட்டிருக்கேன்.”

“அதக் காட்டுங்க.”

“குச்சிதான் இருக்கு.”

“குச்சிய காட்டுங்கப்பா.”

அதன் பிறகு வாராவாரம் மொட்டைக் குச்சிகளைக் காட்டினார். அவளும் பார்த்தாள். ஐப்பசி மழை இறங்கியதும் மண்ணை ஒட்டிச் செந்நிறத்தில் தளிர்கள் முளைத்தன.

மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மொஹிதீன் தடியை ஊன்றிக்கொண்டு உண்மையாகவே வந்துவிட்டார். கூட அவருடைய மகள் ஹம்ஸியா, கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. மொஹிதீன் லயத்தின் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“தோட்டம் எங்க?”

அழகர் சுவரோரத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குக் கூட வராத செடி. நுனியில் ஒரு மொட்டு.

“இதுதானா?”

“இதுதாங்க.”

மொஹிதீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்த வார்டு முழுக்க இந்தச் செடியக் கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தோம்!” அழகருக்கும் சிரிப்பு வந்தது. தேத்தண்ணி ஊற்றினார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் கிளம்பிய பிறகு காம்பரா முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மார்கழியில் சுபாஜினியின் ஒப்பந்தம் முடிகிறது. அவள் வந்துவிடுவாள் என்று அழகர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டாள்.

“அப்பா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க வந்தா எனக்கு என்ன வேலப்பா இருக்கு?”

“சரிம்மா.”

“எப்பப் பார்த்தாலும் சரி, சரி. ஏதாவது சொல்லுங்கப்பா.”

அவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தார். அவள் வைக்கவில்லை.

“நீ வரணும்னு இருந்துச்சு” என்றார். “தனியா இருக்க முடியல.”

ஜோர்தானில் ஓர் அறையில் சுபாஜினி வாயைப் பொத்திக்கொண்டு அழுவது அவருக்குக் கேட்டது. போட்ட கையெழுத்து போட்டதுதான். லீவு கேட்டுப் பார்க்கிறேன், சித்திரைக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன் என்றாள். கிடைக்குமா என்பது அவளுக்கே தெரியாது. அழகர், “அழாதம்மா” என்றும் சொல்லவில்லை, “பரவாயில்ல” என்றும் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.