மூன்று கையெழுத்து மாந்தோப்பு

பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சட்டம் பாதி தெரிந்தால் போதும். எந்தச் சொந்தக்காரருக்கு எப்போது கோபம் வரும் என்பது முழுதாகத் தெரிய வேண்டும். எண்பதுகளில் ஓசூர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டிருந்த எனக்கு அது தெரியாமல் போனது. குடும்பப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

யோக்கியர் தேவை

என்னிடம் பத்திரம் எழுத வந்த முனியப்பாவின் நிலத்தில் பாதி தொழிற்சாலைக்குப் போய்விட்டது. மிச்சம் மூன்று ஏக்கர் மாந்தோப்பு. இளைய மகள் சாந்தம்மாவுக்குப் போலியோவில் ஒரு கால் சூம்பிவிட்டது, கல்யாணமும் ஆகவில்லை. அவருக்குப் பிறகு அந்தத் தோப்பை வைத்துத்தான் அவள் சாப்பிட வேண்டும். அவள் பேருக்கே எழுதினால் யாராவது ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிவிடுவார்கள் என்று பயந்தார்.

"டிரஸ்டு எழுதலாம். தோப்பைப் பார்த்துக்கொண்டு, வருகிறதை அவளிடம் கொடுக்க யோக்கியராக ஒருவரைச் சொல்லுங்கள். அவர்தான் டிரஸ்டி" என்றேன்.

"யோக்கியனாத் தேடுனா யாரும் சிக்கமாட்டாங்க சாமி, சொந்தக்காரனாப் பாத்து எழுதிருங்க."

பேர் போடாத குற்றம்

முனியப்பாவுடைய தம்பியின் பேரை எழுதினேன். மறுநாளே ஓசூர் பேக்டரியில் வேலை செய்யும் மூத்த மருமகன் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து, தன் பேர் ஏன் இல்லை என்றார். அடுத்த நாள் தேன்கனிக்கோட்டையிலிருந்து முனியப்பாவின் மச்சான் பஸ் ஏறி வந்தார். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் வருமே, அதே கோபம். முனியப்பா மூன்று பேரையும் போடச் சொல்லிவிட்டார்.

'யாராவது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்' என்று ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். மச்சான் விடவில்லை. எனக்கும் எரிச்சல். எக்கேடோ கெடட்டும் என்று, மூவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என எழுதிவிட்டேன். அது என் தப்புதான். மச்சான் கேட்ட கேள்வி அப்படி:

"அந்த ரெண்டு பேர்ல நான் இல்லீன்னா, எனக்கு எதுக்குங்க டிரஸ்டி பட்டம்?"

வெற்றிலை பாக்கு

அடுத்த தை மாதம் முனியப்பா காலமானார். சித்திரையில் காய் குத்தகை பேசக் கிருஷ்ணகிரி வியாபாரி வந்தார். தம்பியும் மருமகனும் கையெழுத்துப் போட்டார்கள். மச்சான் மாட்டேன் என்றார். தன்னிடம் கடைசியாக வந்தது முறையில்லையாம். இருவரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவாராம். அவர்கள் போகவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம்தான், மாங்காய் வாய்தாவுக்குக் காத்திருக்காது. வியாபாரி மூன்று முறை அலைந்துவிட்டு, கடைசியாக என் மேஜைக்கு வந்தார்.

"மூணாவது கையெழுத்து வர்றதுக்குள்ள பழம் அழுகிரும், நான் வேற தோப்பு பாத்துக்கறேங்க."

யாருக்கு யார் காவல்

வைகாசியில் சாந்தம்மா கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். பாதிப் பழம் தரையில் கிடக்கிறது என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நானே வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து, அவளோடு தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அவள் வெற்றிலைத் தட்டை நீட்டியதும் மச்சான் முகமெல்லாம் சிரிப்பாகக் கையெழுத்துப் போட்டார். வாங்கத்தான் வியாபாரி இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஒரே ஒரு முறை பேசினாள்.

"என்னைப் பாத்துக்கச் சொல்லி மூணு பேரை வெச்சுட்டுப் போனாரு எங்கப்பா; இப்ப அவங்க மரியாதைய நான்தான் பாத்துக்கணும்."

அன்றிலிருந்து டிரஸ்டு எழுத வருகிறவர்களிடம், நீங்கள் சொல்கிற ஆள் யோக்கியரா என்று நான் கேட்பதில்லை. பத்திரிகையில் பேர் போடாவிட்டாலும் கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகிறவரா என்றுதான் கேட்கிறேன்.