டீச்சர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விஸ்கி

கிருஷ்ணகுமாரி டீச்சர் ஒரு சொட்டு விஸ்கியை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்து, மூக்கருகே குவித்து மோந்து பார்க்கிறார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவரின் பக்தி முகத்தில் தெரிகிறது. சாராயக் காரம் பறந்த பிறகு தானியத்தின் வாசனை மட்டும் மிஞ்சுமாம். "குடிக்க என்ன அவசரம்? அது எங்க ஓடிப் போகப்போகுது?" என்பார்.

மலேசியாவில், மூவாரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இடைநிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றி நிறைய விபூதி, சிலோன் குடும்பங்களுக்கே உரிய நிதானமான பேச்சு. ஸ்காட்லாந்தில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனவர், ஒரு விஸ்கி வடிசாலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்த கிறுக்கு இது. செம்புப் பானையின் கழுத்து ஏன் நீளம், எந்த அரசன் வரி போட்டான், மலை இடுக்கில் ஒளித்துவைத்து எப்படிக் காய்ச்சினார்கள் என்று ஓயாமல் படிக்கிறார். "எங்கட மூவார் வெயிலில ஓக் பீப்பாயை வைச்சா, பன்னிரண்டு வருசத்தில பாதிக்கு மேல ஆவியாப் போயிடும்" என்று ஏதோ தன் பணமே ஆவியானதுபோல வருத்தப்படுவார்.

எனக்கு இவர்மேல் பொறாமை. அதை ஏன் பூசி மெழுக வேண்டும்? இந்த வட்டாரத்தில் விஸ்கி என்றால் இந்த ஜெயபாலன்தான். கல்யாண விருந்தில் எந்த மேசைக்கு எந்தப் போத்தல் என்று என்னைத்தான் கேட்பார்கள். இப்போது, "டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்லா" என்கிறார்கள். ஒரு மடக்குகூட உருப்படியாக விழுங்காத மனுஷியிடம்!

அதையாவது பொறுத்துக்கொள்வேன். என் மனைவி பிரேமலா, நான் போத்தல் மூடியைத் திருகும் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அப்படிப்பட்டவள் ஞாயிறு மதியமானால் பவுடர் பூசிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு விஸ்கி மோந்து பார்க்கப் போகிறாள்! சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! "அங்க என்னதான் பேசுறீங்க?" என்று கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லி அரிசி களையப் போய்விடுகிறாள்.

போன ஞாயிறு நானும் கூடவே போனேன். டீச்சர் முகம் கோணாமல் நாற்காலி போட்டார். வாய் குறுகிய சின்ன கிளாஸ்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். நான் "சியர்ஸ்" சொல்லி ஒரே மடக்கில் முடித்துவிட்டு நிமிர்ந்தால், இரண்டு பேரும் கிளாஸை மூக்கிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தாள் பிரேமலா.

"பரவாயில்லை. ஜெயபாலன், என்ன மணந்தது, சொல்லுங்கோ" என்றார் டீச்சர்.

"வெனிலா, ஆரஞ்சுத் தோல்..."

"அது பெட்டியில எழுதியிருக்கு. உங்கட மூக்கு என்ன சொல்லுது?"

காலி கிளாஸை எடுத்து மறுபடி மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

டீச்சர் அடுத்த போத்தலைத் திறந்தார். அது புகை வாசமுள்ள ரகம். சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்துவார்களாம். "பெக்கான் நானாஸ்ல அன்னாசி போடுறாங்களே, அந்தக் கறுப்பு மண் மாதிரித்தான்" என்றார்.

பிரேமலா மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவாங்கல்ல டீச்சர், அந்தக் கொட்டாய் வாசம். யோங் பெங் தோட்டத்துல எங்கப்பாவுக்கு அங்கதான் வேல. தண்ணி போடாத நாள்ல அவரு சட்டையில இந்த வாசம் மட்டுந்தான் இருக்கும். அவரு வந்தாலே ஓடிப்போயி சட்டையத்தான் மோந்து பாப்போம். இந்த வாசம் மட்டும் வந்துச்சுன்னா அன்னிக்கு அம்மாவுக்கு அடி இல்ல."

எனக்கு வயிறு எரிந்தது. மாமனார் குடிப்பார் என்று தெரியும், இது தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், என்னிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு கிளாஸை நீட்டியதும் கொட்டிவிட்டாள்.

"அந்தப் பழக்கம் இன்னும் போகல டீச்சர். இவரு சட்டையையும் மோந்து பாத்துட்டுத்தான் தொவைக்கப் போடுறேன்."

"ஏன் பிரேமலா, நான் உன் மேல ஒரு நாளாச்சும் கை நீட்டியிருக்கேனா?" என்று ஆரம்பித்தேன்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து தன் நாற்காலியைத் தூக்கி, முதுகு எனக்குத் தெரியும்படி பிரேமலாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.