ஒன்பதாம் சுற்றில் இறங்குகிறவர்

தபோதரன் முதலில் கிரிக்கெட் ஆடியவர். ஜெர்மனியின் ஹாம் நகரில் பிறந்து வளர்ந்தவர்; தமிழ்க் கழகங்களின் கோடைப் போட்டிகளில் வேகப்பந்து போட்டார். இருபத்திரண்டு வயதில், ஓர் அரையிறுதி ஆட்டத்தில், முழங்கை மடங்குகிறது என்று நடுவர் ஒரே ஓவரில் மூன்று முறை கையை நீட்டினார்.

"உவன் பந்து போடேல்லை, எறியிறான்!" என்று எல்லைக்கோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

முழங்கையை மடக்கியே எறிகிற விளையாட்டு ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. அடுத்த வசந்தத்தில் அங்கே பேஸ்போல் கழகத்தில் சேர்ந்தார். வார நாட்களில் செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் வேலை. ஞாயிறுகளில் இரண்டாம் பிரிவு லீக். பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கிவைத்ததில்லை. தொடக்க எறியாளர் களைத்து, ஆட்டம் கைநழுவப் போகிற நேரத்தில் இறக்கப்படுகிறவர் அவர். சில நாள் பத்துப் பந்து. சில நாள் அதுவும் இல்லை.

ஒரு ஜூன் மாதம், மழை விட்ட மைதானத்தில் ஈரப் பந்து விரலில் வழுக்கியது. எதிரணியின் ஜோனாஸ் என்ற தீயணைப்பு வீரரின் கன்னத்தில் போய் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் தபோதரனுக்கே கேட்டது. மறுநாள் வைத்தியசாலைக்குப் போனார். ஜோனாஸின் மனைவி அறைக் கதவைப் பாதி திறந்து, "தயவுசெய்து போய்விடுங்கள்" என்றார். கொண்டுபோன பூக்களைத் தாதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

அன்றிலிருந்து யாருடைய உடம்புக்குக் கிட்டவும் அவரால் எறிய முடியவில்லை. பந்துகள் எல்லாம் வெளிப்பக்கமாகவே போயின.

செப்டெம்பரில் பிரிவில் நிலைப்பதா, கீழே இறங்குவதா என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். எதிரணி அதே அணி. ஜோனாஸ் குணமாகி வந்துவிட்டார் என்று கேள்வி.

"இண்டைக்கு ஏலாதெண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி நிரஞ்சனா.

"எறியிறதுக்கு ஆள் காணாது. நான் போகத்தான் வேணும்."

"திருப்பியும் அவருக்குப் பட்டா?"

அவர் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாவது, கடைசிச் சுற்று. தபோதரனின் அணிக்கு ஒரு புள்ளி முன்னிலை. எதிரணியில் இருவர் ஆட்டமிழந்திருந்தார்கள்; இன்னும் ஒருவர் போனால் வெற்றி. ஆனால் மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள் நின்றார்கள். பயிற்சியாளர் தபோதரனைக் கூப்பிட்டார். துடுப்போடு வந்தவர் ஜோனாஸ். தலைக்கவசத்தில் கன்னத்தை மறைக்கும் தகடு பூட்டியிருந்தது.

முதல் மூன்று பந்துகளும் அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போயின. அடுத்த இரண்டை ஜோனாஸ் அடிக்கப் பார்த்துத் தவறவிட்டார். இன்னொன்றைத் தவறவிட்டால் அவர் ஆட்டமிழப்பார்; இனி ஒரு பந்து வெளியே போனால் எல்லோரும் ஒவ்வொரு தளம் நகர, ஒரு புள்ளி கிடைத்து ஆட்டம் சமநிலை.

பந்து பிடிக்கும் அணித்தோழன் டோபியாஸ் ஓடிவந்தான். "இதுவும் வெளியேதான் வரும் என்று அவனுக்குத் தெரியும். நடுவில் எறி."

"கை கேட்காது."

"கேட்கும். என் கையுறையை மட்டும் பார்."

தபோதரனின் உள்ளங்கை வியர்த்தது. காற்சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு எறிந்தார்.

பந்து நேராக நடுவில்தான் போனது. ஆனால் ஜோனாஸ் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் விழுந்தார். அடிக்காமல் விட்ட மூன்றாவது பந்து என்று நடுவர் கையை உயர்த்தினார்; ஜோனாஸ் ஆட்டமிழந்தார். ஆட்டம் முடிந்தது.

தோழர்கள் அவர்மேல் பாய்ந்து தூக்கப் பார்த்தார்கள். அவர் விலக்கிக்கொண்டு ஜோனாஸிடம் போய்க் கையை நீட்டினார். ஜோனாஸ் கையைப் பிடித்து எழும்பினார், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆட்டத்திலை வெண்டனீங்களோ?" என்று வீடு திரும்பியவரிடம் கேட்டாள் நிரஞ்சனா.

"ஓம்" என்றார். "அந்தாள் பயந்துபோனார், நிரஞ்சனா. என்னாலதான்."

அந்தக் குளிர்காலத்தில் ஜோனாஸ் விளையாட்டை விட்டுவிட்டதாகத் தெரியவந்தது. தபோதரன் அவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பிறகும் இரண்டு ஆண்டுகள் எறிந்தார், தோள்மூட்டுத் தேய்ந்து வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை.