மூன்று தடவை இமைக்காத கண்

இது போன வருஷம் நவம்பர் கடைசி நாள், எங்கள் சைனிக்புரி வீட்டுக்குப் பக்கத்துச் சேவை மையத்தில் நடந்தது.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். அவர் போனபின் எனக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. நான் உயிரோடு இருப்பதை நவம்பருக்குள் காட்டாவிட்டால் அது நின்றுவிடும். முன்பு பேங்கில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும்.

"திரையில வர்றதைப் படிச்சு, அதுபடி செய்யணும். படிப்பீங்களாம்மா?" என்று கவுண்டர் பெண் தெலுங்கில் கேட்டாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

"ஏன், படிக்காம என்ன?" என்றேன்.

தமிழையே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். திரையில் வந்ததோ இங்கிலீஷ்.

வீட்டுக்காரர் இருந்த காலத்தில், பென்ஷன் தாளுக்கு இருவருமாகப் படம் எடுத்தபோது நான் கண்ணைச் சிமிட்டி இரண்டு படம் வீணாயிற்று. ஸ்டூடியோவிலேயே அவர் கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து காமிரா முன்னால் இமைக்க மாட்டேன். அன்றைக்கும் அப்படியே விறைத்துப் பார்த்தேன். திரை சிவந்தது. மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவையும்.

"பட்டாளத்து அம்மா அட்டென்ஷன்ல நிக்கிறாங்க, யாராவது ஆர்டர் போடுங்கப்பா!" என்றார் வரிசையில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற, புர்க்கா போட்ட அம்மாள் எட்டித் திரையைப் பார்த்தாள். "பேட்டி, மகளே, எனக்குப் படிக்க வராது. அடுத்தது என் முறை. என்ன எழுதியிருக்குன்னு சத்தமா சொல்லேன்" என்று கவுண்டர் பெண்ணிடம் ஹிந்தியில் கேட்டாள்.

கவுண்டர் பெண் சலிப்போடு படித்துச் சொன்னாள். கண்ணை மூடித் திறக்க வேண்டுமாம். அப்போதுதான் உயிருள்ள முகம் என்று அது நம்புமாம்.

இமைத்தேன். பச்சை வந்தது.

என் காகிதத்துக்காக ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் ஒரு இங்கிலீஷ் படிவத்தை வாங்கி, நின்றபடியே மளமளவென்று நிரப்பிக் கொடுத்தாள்.

"படிக்க வராதுன்னீங்களே?" என்றாள் கவுண்டர் பெண்.

"ஹவ், ஆமா, கண்ணாடி இல்லாம வராது" என்றாள், வந்ததிலிருந்தே கண்ணாடி போட்டிருந்தவள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும், அவள் சொன்ன பொய்யும் வீணாகிவிடும்.

இந்த நவம்பரில் அதே கவுண்டரில், "எனக்கு இங்கிலீஷ் வராது, படிச்சுச் சொல்லும்மா" என்று எல்லார் காதிலும் விழும்படி நானே சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சொல்லாமல் விட்ட நன்றியை அப்படித்தான் என்னால் சொல்ல முடிந்தது.