முன் சக்கரத்து ரீங்காரம்

மைசூரின் மேட்டகள்ளியில் வேலாயுதத்தைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய பிக்கப் வண்டியைத் தெரியும். அந்த வட்டாரத்தில் வெள்ளையாகவே இருக்கும் வெள்ளை வண்டி அது ஒன்றுதான். கௌதள்ளியிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வந்து மைசூருச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். வண்டியைக் கழுவுவது அவர் வாழ்க்கை.

“ஏனுங்க, வீட்டுக் குழாய் ஒழுகி ஒரு மாசமாச்சு. அதுக்கும் நாலு சக்கரம் இருந்தா இந்நேரம் பாத்திருப்பீங்க” என்பாள் மனைவி சொர்ணலதா. அவர் காதில் விழாது. அந்த நேரத்தில் காது மட்கார்டுக்குள் இருக்கும்.

இந்த ஆயுத பூஜைக்கு அவர் பக்தியில் ஒரு படி மேலே போனார். தண்ணீரைத் துப்பாக்கி மாதிரி பீய்ச்சும் மெஷின் ஒன்று வாங்கினார். காலை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரங்களின் உள்பக்கம்வரை விடாமல் அடித்தார். பிறகு மாலை, குங்குமம், பூசணிக்காய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எந்தத் திருஷ்டியும் அண்ட முடியாத பாதுகாப்பு.

தீபாவளி முடிந்து சில நாளில் வண்டி ரீங்கரிக்க ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டினால் தேனீ. அறுபதில் மாவு மில்.

இதில் முதலில் பாதிக்கப்பட்டது மல்லப்பனின் தூக்கம். மல்லப்பன் வெங்காய வியாபாரி. வேலாயுதத்துக்கு வாரம் தவறாமல் லோடு கொடுப்பவர் அவர் ஒருவர்தான். சரக்கைத் தனியே அனுப்ப நம்பிக்கை இல்லாமல் கூடவே முன் சீட்டில் ஏறி, கொள்ளேகால் வருவதற்குள் தூங்கிவிடுவார். அப்படி ஒரு காவல்.

“சாமி, இந்தச் சத்தத்துல மனுசன் கண்ணு மூட முடியுமா? வர்ற வியாழக்கிழமையும் இது கத்துச்சுன்னா நான் கிரண் வண்டியக் கூப்பிட்டுக்கறேன்” என்றார்.

கிரணின் வண்டி வாங்கிய நாளிலிருந்து மழையில் மட்டுமே குளித்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் வேலாயுதத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மைசூரில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? டீக்கடையில் ஒருவர் கியர்பாக்ஸ் என்றார். இன்னொருவர் டயர் என்றார். மூன்றாமவர் சொந்தமாக சைக்கிள்கூட இல்லாதவர். இன்ஜினையே மாற்றச் சொன்னார். கடைசியில் ரிங் ரோட்டு மெக்கானிக் சுரேந்தரிடம் போனார் வேலாயுதம். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த சுரேந்தருக்குத் தமிழும் கன்னடமும் ஒரே பெட்டியில் கிடக்கும் ஸ்பேனர்கள். கைக்கு வந்ததை எடுப்பான். தன் திறமையைப் பற்றி அவன் அடக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஓட்டுண்ணா, நான் கேக்கறேன். கேரளா, தமிழ்நாடு, எல்லா வண்டியும் கேட்ட காது இது.”

வேகம் ஏறியதும் நியூட்ரலில் விடச் சொன்னான். இன்ஜின் அடங்கியது, ரீங்காரம் அடங்கவில்லை. “இன்ஜின் இல்ல, கியர்பாக்ஸ் இல்ல. சக்கரத்தோட சுத்தறது எதுவோ.” காலியான இடத்தில் வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைக்கச் சொன்னான். இடப்பக்கம் வளைத்தபோது பாரம் வலப்பக்கம் சாய, சத்தம் ஏறியது. வலப்பக்கம் வளைத்தால் குறைந்தது.

ஷெட்டில் முன் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையை ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் சுற்றினான். “கை வெச்சுப் பாரு.” ஸ்பிரிங்கில் கரகரவென்று ஓர் அதிர்வு, தொண்டை கட்டியவன் நெஞ்சு மாதிரி.

சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பைப் பிரித்தார்கள். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் தூக்கலாக விட்ட காபி இருந்தது. பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு.

“தண்ணி போயிருக்குண்ணா” என்றான் சுரேந்தர்.

“மழைங்க” என்றார் வேலாயுதம் உடனே.

“இந்த மழை கீழருந்து மேல பெய்ஞ்சிருக்கு. அதுவும் பிரஷரா.”

வேலாயுதம் கூரையைப் பார்த்தார்.

சுரேந்தர் பழைய கிரீஸை வழித்துக் கழுவி, புது பேரிங், தண்ணீர் புகாமல் தடுக்கும் புது சீல் போட்டான். உள்ளங்கையில் கிரீஸ் வைத்து உருளைகளின் இடுக்கிலெல்லாம் ஏறும்வரை அழுத்தினான். நட்டை இறுக்கி, துளி தளர்த்தி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்துப் பூட்டினான். “லெஃப்டையும் பிரிச்சிடலாம்ணா. அதுக்கும் இதே அபிஷேகம்தானே?”

“சத்தம் போடாதவன எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்?” கழுவியதில் வண்டி கெட்டது என்று ஒரு சக்கரத்துக்கு ஒப்புக்கொள்வதே அவருக்குக் கசந்தது.

வியாழக்கிழமை கௌதள்ளிக்கு வண்டி பூனை மாதிரி போய் நின்றது. மல்லப்பன் ஊர்க்கோடிவரை ஏறிப் போய்ப் பார்த்து, சத்தமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

“என்ன கோளாறு?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “பேரிங்குங்க. கம்பெனிக்காரன் போட்டது, சுத்தமாத் தரமில்லீங்க” என்றார் வேலாயுதம்.

மல்லப்பன் தலையசைத்தார். அசைத்துக்கொண்டே, “அப்ப இந்தப் பக்கம் இருக்கறதும் அதே கம்பெனிதானே?” என்று தான் உட்காரும் இடப்பக்கச் சக்கரத்தைக் காட்டினார்.

“அது... அது நல்லாருக்குங்க.”

“போன மாசம் அந்தப் பக்கமும் நல்லாத்தான இருந்துச்சு?”

வேறு வழியில்லாமல் வேலாயுதம் உண்மைக்கு வந்தார். “கம்பெனி மேல தப்பில்லீங்க. பூசைக்கு நாந்தான் தண்ணியடிச்சுக் கெடுத்துப்போட்டேன்.”

“ஒரு பக்கம் மட்டுமா அடிச்ச?”

வேலாயுதத்தால் பலவற்றுக்குப் பொய் சொல்ல முடியும். ஒரு சக்கரத்தைக் கழுவாமல் விட்டதாகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“ரெண்டும் ஒண்ணாத்தான்.”

“ரிப்பேர் பண்ணிட்டு வா சாமி. அடுத்த வாரம் லோடு உனக்குத்தான்” என்று மல்லப்பன் போனை எடுத்தார்.

கிரணின் வண்டி சேறு உதிர வந்து வெங்காயத்தை ஏற்றிக்கொண்டது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் முன் சீட்டில் மல்லப்பனின் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. காலி வண்டியில் பின்னால் போன வேலாயுதம், மைசூருவரை அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு போய், நேராக சுரேந்தர் ஷெட்டில் நிறுத்தினார்.

“இடதப் பிரி” என்றார்.