மச்சான் பிடித்த கயிறு

கயித்தானின் உள்ளங்கையைத் தொட்டால் பழைய தோணிப் பலகையைத் தொட்ட மாதிரி இருக்கும். கயிறு பிடித்துப் பிடித்து அப்படி ஆன கை. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவான். மேலே தோணியில் அதைப் பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் தம்பிகூட ஒரு நொடி கண்ணயரலாம். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த மச்சானும் விடமாட்டான். சொந்தபந்தத்தை இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக யாரும் வேலை வாங்கியதில்லை.

தங்கச்சி இசபெல்லாவைத் தொம்மைக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவன் கயிறு கயித்தான் கையில்தான். கரையில் இருவருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. குழம்பில் புளி கூடிவிட்டது என்பதிலிருந்து கொடியேற்றத்துக்கு மழை வருமா என்பது வரைக்கும் சண்டை. கடலில் மட்டும் பேச்சு கிடையாது. அடியிலிருந்து தொம்மை கயிற்றை இரண்டு தரம் சுண்டுவான், கயித்தான் இழுப்பான், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் இசபெல்லா போய்விட்டாள். பிள்ளையும் இல்லை. அதோடு தொம்மை கடலில் இறங்குவதை விட்டான். மணலில் உட்கார்ந்து, வருகிற கப்பலையும் போகிற கப்பலையும் பார்த்துக்கொண்டே இருப்பான். கயித்தான் சோறு கொண்டுபோனால் தின்பான், பேசமாட்டான். ஊர்வாய் சும்மா இருக்குமா? "நடுவுல இருந்தவ போயாச்சு. இனி இவனுக்கு அவன் என்ன முறை?" என்றது. கயித்தானுக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. பிள்ளைகளுக்காக யாரோ எழுதிய கதைப் புத்தகத்தைப் படமாக எடுக்கிறார்களாம். முத்துக் குளிக்கப் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடி அக்காளும் தம்பியும் தோணி ஏறுகிறார்கள். வழியில் பேசுகிற ஆமை உண்டு. கடலுக்கடியில் விளக்கெரிகிற ஊர் உண்டு. இங்கே முத்துக் குளித்தே இருபது வருஷம் ஆகிறது என்று சிரித்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க முதல் ஆளாய் வந்து நின்றார்கள். அப்பாவாக நடிப்பவருக்கு நீச்சல் தெரியாது. முதுகு ஒத்துப்போகிறது என்று தொம்மையைக் கேட்டார்கள். கேட்ட வாய் மூடுமுன் அவன் சரி என்றான்.

"கயிறு யாரு பிடிப்பா, மாப்ளே?" என்று கயித்தான் கேட்டான்.

"யாரு பிடிச்சா என்ன மச்சான்?" என்றான் தொம்மை, கடலைப் பார்த்தபடி.

கயிறு யார் கையில் என்று கவலைப்படாமல் இறங்குகிறவன், ஏறிவர நினைக்காதவன்.

படத்தில் கயிற்றைப் பிடிப்பது அக்காளாக நடிக்கிற சிறுமி. நிஜத்தில் அவளுக்குப் பின்னால், பாய்மரத் துணிக்கு அடியில், கம்பெனி ஆள் ஒருவன் ஒளிந்திருந்து பிடிப்பதாக ஏற்பாடு. கயித்தான் டைரக்டரிடம் போய் நின்றான். "ஐயா, அந்த எடத்துல நான் படுத்துக்கிடுதேன். நான் அவனுக்கு மச்சான்." டைரக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, யாராயிருந்தால் என்ன என்று சம்மதித்தார். தொம்மை வருமுன்பே கயித்தான் துணிக்குள் புகுந்துகொண்டான். ஆனை மாதிரி ஆள், ஒளிந்து விளையாடுகிற பிள்ளை போலச் சுருண்டு கிடந்தான்.

துணிக்குள் தார் வாசனை. நெசவு இடுக்குகளில் வெயில் பொட்டுப் பொட்டாய் விழுந்தது. தொம்மையைக் கீழே கொண்டுபோகிற குளிகல் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கயிறு உள்ளங்கை வழியே வழுகி ஓடி நின்றது. கடல் தோணியைத் தொட்டில் போல ஆட்டியது. அந்த அரைவெளிச்சத்தில் இசபெல்லா வந்தாள். ஈரத் தலையை உலர்த்திக்கொண்டே, "அண்ணே, அவுக மேல வந்துட்டாவளா?" என்று கேட்டாள். உயிரோடிருந்தபோது ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட கேள்விதான். கயிறு அசையவே இல்லை. பாறையில் சிக்கிய கயிறு கைக்கு வேறு மாதிரி இருக்கும். இது அதில்லை. தொம்மை கீழே விழித்திருக்கிறான். சுண்டமாட்டேன் என்று இருக்கிறான்.

"யாரும் அசையாதீங்க!" என்று டைரக்டர் கத்திக்கொண்டிருக்கும்போதே கயித்தான் துணியை உதறிவிட்டு எழுந்தான். திடுதிப்பென்று முளைத்த ஆளைப் பார்த்துச் சிறுமி "அப்பா!" என்று அலறினாள். அவன் எதையும் கேட்காமல் இழுத்தான். உயிரைக் கொடுத்து இழுத்தான்.

தோணியில் கிடந்து தண்ணீரைக் கக்கிய தொம்மை, இழுத்தவன் யார் என்று அப்போதுதான் பார்த்தான். "நான் சுண்டவே இல்லையே, ஏன் இழுத்தீரு? ஒம்ம தங்கச்சிதான் போயிட்டாளே."

"அப்போ அவளுக்காகப் பிடிச்சேன். இப்போ எனக்காகப் பிடிக்கேன். ஒம்மையும் பறிகுடுத்துட்டு நான் யாருகூட வே சண்டை போட?"

தொம்மை கரை சேரும்வரை அழுதான். அதற்குப் பிறகு பேசினான், பழையபடி சண்டையும் போட்டான். கடலில் மட்டும் இறங்கவில்லை. கயித்தானும் வற்புறுத்தவில்லை.

வருஷம் திரும்பிப் படம் கொட்டகைக்கு வந்தது. இருவரும் தரை மணலில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். டைரக்டர் கயித்தானை வெட்டி எறிந்துவிட்டு, சிறுமியின் அலறலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். திரையில் கயிறு அசையாமல் தொங்கியது. "இழு! இழு!" என்று கொட்டகைப் பிள்ளைகள் கத்தின. பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்கக் கயித்தானுக்குப் பயமாக இருந்தது.

இருட்டில் தொம்மையின் விரல்கள் அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. இரண்டு தரம் சுண்டின. கயித்தான் அந்தக் கையைப் பற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.